லண்டன் வசந்தத்தில் அம்மாவின் பால் மரம்

செர்ரிப் பூ பார்க்க வேண்டுமென்றால் நம் ஊர் மக்கள் நேராக ஜப்பானுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள், இல்லையென்றால் கொரியா. வசந்த காலச் சுற்றுலாப் பட்டியலில் லண்டனுக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. மழை, குளிர், அதற்கும் மேலாக ஐந்து ரிங்கிட்டைத் தாண்டி நிற்கும் பவுண்டு என்று பல காரணங்களைச் சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். கடந்த ஏப்ரல் மாதத்தின் பிற்பாதியில் பத்து நாள் அங்கே தங்கிவிட்டு வந்தபின் நான் சொல்வது இதுதான்: குடும்பத்தோடு போவதற்கு லண்டனின் நல்ல முகம் வசந்தத்தில்தான் தெரிகிறது. அந்த நகரத்தின் சிறந்த இடங்களில் பாதிக்குமேல் நுழைவுக் கட்டணமே இல்லை.

நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், என் கணவர், பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபத்து நான்கு வயது அம்மா. "இவ்வளவு தூரம், அந்தக் குளிரில் அம்மாவை ஏன் இழுத்துக்கொண்டு போகிறாய்?" என்று கேட்டவர்கள் உண்டு. அம்மா வந்திருக்காவிட்டால் நாங்கள் பார்த்த லண்டன் பாதிதான் இருந்திருக்கும். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த மாதம், எந்தப் பூ?

மார்ச் தொடங்கி மே முடிய அங்கே வசந்தம். ஆனால் இந்த மூன்று மாதமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மார்ச் மாதத்தில் புல்வெளியெங்கும் மஞ்சள் டஃபோடில் பூக்கள். அதன் கடைசியில் இலையில்லாத கிளைகளில் மக்னோலியா மலர்கிறது. செர்ரி மரங்கள் வகைக்கு ஏற்ப மார்ச் பிற்பகுதி முதல் ஏப்ரல் கடைசி வரை மாறி மாறிப் பூக்கும். ஏப்ரல் இறுதியிலும் மே முதல் பாதியிலும் காட்டு மரங்களின் அடியில் நீலக் கம்பளம் விரித்ததுபோல் புளூபெல் பூக்கும். மார்ச் பள்ளி விடுமுறையில் போகிறவர்களுக்கு டஃபோடில் நிச்சயம். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் போக முடிந்தால் கடைசிச் செர்ரியையும் முதல் புளூபெல்லையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

குளிரைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஏப்ரலில் பகலில் பதினான்கு பதினைந்து டிகிரி இருக்கும், காலையில் ஏழு எட்டு. கனமான ஒரே கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மெல்லிய உடைகளே வசதி. மேலே மழை தாங்கும் சட்டை ஒன்று இருக்கட்டும். அங்கே மழை நம் ஊர்போல் கொட்டித் தீர்ப்பதில்லை. பத்து நிமிடம் தூறிவிட்டு வெயிலுக்கு வழிவிடும். மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். அதன் பிறகு மாலை வெளிச்சம் நீண்டுகொண்டே போகும். நாங்கள் இருந்தபோது இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருந்தது.

இதை வைத்து நாங்கள் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். அருங்காட்சியகங்கள் ஐந்து, ஆறு மணிக்கு மூடிவிடும்; பூங்காக்கள் இருட்டும்வரை திறந்திருக்கும். எனவே காலையில் அருங்காட்சியகம், மாலையில் பூங்கா. இடையில் மழை வந்தால் இரண்டையும் மாற்றிக்கொள்வது. பத்து நாளும் இந்த விதி எங்களைக் கைவிடவில்லை.

பிள்ளைகளுக்கான ஒரு நாள்

சவுத் கென்சிங்டன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால், மழையில் நனையாமல் நடந்து போக ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. அதன் வழியே மூன்று பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போகலாம்: இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், கலை, கைவினைப் பொருட்களுக்கான விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். மூன்றுக்கும் பொது நுழைவு இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் கட்டணம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் எல்லோருக்கும் கால்வலிதான் மிஞ்சும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கட்டடமே ஒரு காட்சிப் பொருள். 1881-இல் திறக்கப்பட்டது. நடுக்கூடத்தில் 25.2 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, பாய்ந்து இறங்குவதுபோல் கூரையிலிருந்து தொங்குகிறது. 1891-இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. இப்போது அதற்கு 'ஹோப்' என்று பெயர், அதாவது நம்பிக்கை. என் மகன் அதன் கீழே மல்லாந்து படுத்துவிட்டான். காவலர் திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

அன்று மாலை செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்குப் போனோம். பக்கிங்ஹாம் அரண்மனைக்கு எதிரில், ஏரியோடு கூடிய சிறிய பூங்கா. அங்கே கூழைக்கடா நாரைகள் வாழ்கின்றன. 1664-இல் ரஷ்யத் தூதர் ஒருவர் அரசருக்குப் பரிசாகக் கொடுத்த பறவைகளோடு தொடங்கிய வழக்கம் இது. அவை மனிதருக்கு அஞ்சாமல் நடைபாதையில் உலாவுகின்றன. அரண்மனைக் காவலர் மாற்றத்தைவிட இவற்றைத்தான் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு தகவல். ரீஜன்ட்ஸ் பூங்காவில் உள்ள லண்டன் விலங்குக் காட்சிசாலையை நடத்தும் விலங்கியல் சங்கத்தை 1826-இல் நிறுவியவர்களில் முதன்மையானவர் நமக்கெல்லாம் தெரிந்த ஸ்டாம்போர்ட் ராஃபிள்ஸ். காட்சிசாலைக்குக் கட்டணம் அதிகம்தான். ஆனால் பக்கத்திலுள்ள பூங்காவில் செர்ரி மரவரிசையின் கீழே நடக்கக் காசு வேண்டாம்.

மாலை இல்லாத நடராசர்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1759-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது, இன்றும் இலவசம். இணையத்தில் நேரம் குறித்து இலவச டிக்கெட் எடுத்துக்கொண்டால் வரிசையில் அதிகம் நிற்க வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருப்பதால், அன்று மாலை போனால் கூட்டம் குறைவு.

எல்லோரும் எகிப்திய மம்மிகளையும் ரொசெட்டா கல்லையும் தேடிப் போகிறார்கள். நாமும் போகலாம். ஆனால் 33-ஆம் எண் கூடத்தைத் தவறவிடாதீர்கள். சீனாவுக்கும் தெற்காசியாவுக்கும் உரிய அந்த நீண்ட கூடத்தில், தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1100-ஆம் ஆண்டில் வார்க்கப்பட்ட செம்புக் கலவை நடராசர் நிற்கிறார். சோழர் காலத்துச் சிற்பம். பக்கத்து அறையில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், கிருஷ்ணா நதிக்கரையின் அமராவதித் தூபியிலிருந்து வந்த பளிங்கு நிறச் சிற்பப் பலகைகள். இதே தூபியின் இன்னொரு பகுதிச் சிற்பங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நடராசர் முன்னால் அம்மா செருப்பைக் கழற்றப் போனார். மகள் வெட்கப்பட்டுக் கையைப் பிடித்தாள். அம்மா செருப்போடு நின்றார். கை மட்டும் கும்பிட்டது. "பூ ஒண்ணு வைக்காம இப்படி நிக்கிறாரே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இந்தச் சிலைகள் எப்படி இங்கே வந்தன, இங்கேதான் இருக்க வேண்டுமா என்று மகள் கேட்டாள். எங்கள் தங்குமிடத்துக்குத் திரும்பும் பேருந்தில் அந்தப் பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. பள்ளிப் பாடம் ஒன்று அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கியூ தோட்டம்: பூ பார்க்கப் போன இடம்

கியூ அரச தாவரவியல் தோட்டத்துக்குப் பூ பார்க்கத்தான் போனோம். இதற்குக் கட்டணம் உண்டு. முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் குறையும். டிஸ்ட்ரிக்ட் தட ரயிலில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போதும். சுமார் 130 ஹெக்டர் பரப்பு. 1759-இல் தொடங்கியது; 2003-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமானது. முழு நாளை இதற்குக் கொடுங்கள்.

செர்ரி நடைபாதையில் இருபுறமும் இளஞ்சிவப்பு மேகம். காற்று அடிக்கும்போது இதழ்கள் தலையில் உதிர்கின்றன. தோட்டத்தின் தென்மேற்கு மூலையில், அரசி சார்லட்டின் ஓலைக்கூரை வீட்டைச் சுற்றியுள்ள காட்டில் புளூபெல் பூக்கத் தொடங்கியிருந்தது. பாதையைவிட்டு இறங்காமல் பார்க்க வேண்டும். மிதிபட்டால் அந்தச் செடி மீண்டு வரப் பல ஆண்டாகும்.

அதன்பின் பாம் ஹவுஸ் எனப்படும் கண்ணாடி மாளிகை. 1844 முதல் 1848 வரை இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டப்பட்டது. வெளியே ஒன்பது டிகிரி. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் கண்ணாடி அணிந்தவர்களுக்கெல்லாம் பார்வை மறைந்தது. அவ்வளவு ஈரம், வெப்பம். ஒரு வாரமாகக் கழுத்துச் சால்வையை இறுக்கிக்கொண்டே நடந்த அம்மா அதை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "நம்ம ஊரு வாசம் வருது" என்றார். வாழை, கொக்கோ, தென்னை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். பெயர்ப் பலகையைப் பார்க்கவில்லை. மேலே இலையைப் பார்த்தார். ஒரு காம்பில் மூன்று இலை. "இது பால் மரம்."

ரப்பர் மரம்தான். அம்மா பிறந்து வளர்ந்தது பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். தாத்தாவும் பாட்டியும் அங்கே மரம் சீவினார்கள். அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி. தோட்டத்துக் கதைகளை அம்மா எங்களிடம் அதிகம் சொன்னதில்லை. படித்து வேலைக்குப் போய்ப் பட்டணத்துக்கு வந்தவர்கள் பலரைப்போல் அவரும் அதைப் பின்னால் விட்டுவிட்டு வந்தவர். கேட்டால், "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்பார்.

அன்று யாரும் கேட்கவில்லை, அவரே ஆரம்பித்தார். பட்டையைத் தொடாமல், விரலைச் சற்றுத் தள்ளி வைத்துக் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். "இடது பக்கம் உசரம், வலது பக்கம் எறக்கம். கத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சு, தோலை மட்டும் மெல்லிசா எடுக்கணும். உள்மரத்துல பட்டுச்சுன்னா மரம் கெட்டுப்போயிரும், கங்காணி ஏசுவாரு. வெயில் ஏறுறதுக்குள்ள சீவி முடிக்கணும். அப்பத்தான் பால் வடியும்."

"பாட்டி, உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று பேரன் கேட்டான்.

"உன் வயசுல தெரிஞ்சுக்கிட்டது. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவாங்க. எங்கம்மா தலைவிளக்கைக் கட்டிக்கிட்டுப் போகும். நான் பள்ளிக்கூடம் இல்லாத நாள்ல கூடப் போவேன். மங்கைத் துடைச்சு வைக்கிறது, கோட்டுல காஞ்ச பாலைப் பிச்சு எடுக்கிறது என் வேலை. பால் எடுத்ததும் காண்டா வாளியைத் தோள்ல போட்டுக்கிட்டு எங்கப்பா மேட்டுல ஏறுவாரு."

அவர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுக்கு யாரும் கத்தியே வைக்கல. ஒரு தழும்பு இல்ல."

அந்த மரம் அங்கே நிற்பதற்கு ஒரு கதை இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் சொன்ன அதே கதையை இங்கேயும் சொல்கிறேன். 1876-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ரப்பர் விதையில் எண்ணெய் அதிகம். சீக்கிரம் கெட்டு முளைப்புத் திறனை இழந்துவிடும். அத்தனை விதையில் நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேறியது. அடுத்த ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது பேராவின் கோலகங்சாரில் நடப்பட்டன. அம்மா பிறந்த தோட்டத்திலிருந்து கோலகங்சார் அதிக தூரமில்லை.

கன்று வந்தும் பல ஆண்டுகளுக்கு யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லிதான் அதன் பின்னால் அலைந்தார். தோட்ட முதலாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் பயிரிடச் சொல்லி வற்புறுத்தியதால் அவருக்குக் 'கிறுக்கு ரிட்லி' என்று பெயர். மரத்தைச் சாகடிக்காமல், ஒரே வெட்டுக்கோட்டை மெல்ல மெல்லச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை அவர் சோதித்து வகுத்தார். 1890-களின் நடுவில் மலாக்காவில் டான் சாய் யான் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். பிறகு மோட்டார் வண்டிகள் வந்தன, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, மலாயாக் காடுகள் அழிந்து வரிசை வரிசையாகப் பால் மரங்கள் நின்றன. அந்த வரிசைகளில் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்குத்தான் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் முன்னோர் கப்பலேறினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி மூலம் ஆள்சேர்ப்பது 1938 வரை நடந்தது.

ரிட்லி நூறு வயது வாழ்ந்து, 1956-இல், இந்தக் கியூ தோட்டம் இருக்கும் ஊரிலேயே மறைந்தார். அவருடைய பெயர் எல்லாத் தாவரவியல் வரலாற்றிலும் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அவர் வகுத்த முறை அம்மாவின் விரலில் இருந்தது. எழுபத்து நான்கு வயதில், அறுபது ஆண்டுக்குமுன் பழகிய சாய்வு கொஞ்சமும் பிசகாமல் அந்தக் கோட்டை அவர் காற்றில் வரைந்தார். ரிட்லியின் அறிவு மலாயாவைப் பணக்கார நாடாக்கியது என்பார்கள். நாள்தோறும் இருட்டில் எழுந்து அந்த அறிவைக் கையால் நடத்திக்காட்டியவர்கள் என் பாட்டியைப் போன்றவர்கள். அவர்களுடைய பெயரை நாம் சொன்னால்தான் உண்டு.

கியூவைவிட்டுக் கிளம்பும்முன் மரியான் நார்த் கூடத்தையும் பாருங்கள். தனியாக உலகம் சுற்றிச் செடிகொடிகளை வரைந்த ஆங்கிலப் பெண்மணி அவர். 1882-இல் திறந்த அந்தச் சிறிய கட்டடத்தின் சுவர் முழுக்க, இடைவெளியே இல்லாமல், எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். விக்கமின் விதைகள் லண்டன் வந்துசேர்ந்த அதே 1876-இல் அவர் சரவாக்கில் வரைந்துகொண்டிருந்தார். அங்குள்ள ஒரு கெண்டிச் செடி வகைக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். "இது நம்ம ஊர்" என்று மகன் சுவரில் தேடித் தேடிக் காட்டினான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கியூவின் கண்ணாடி மாளிகைகள் பழைய கட்டடங்கள். பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது நீண்ட நாள் மூடப்படும். போகும்முன் அவர்களுடைய இணையத்தளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

துறைமுகத்துக் கிடங்கு

கியூவில் கதையின் ஒரு முனையைப் பார்த்தோம். மறுமுனை நகரத்தின் கிழக்கே, தேம்ஸ் நதியோரம் இருக்கிறது. ஓட்டுநர் இல்லாத டிஎல்ஆர் ரயிலில் முன்னிருக்கையில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. வெஸ்ட் இந்தியா கீ நிலையத்தில் இறங்கினால் லண்டன் டாக்லண்ட்ஸ் அருங்காட்சியகம். இதுவும் இலவசம். 1802-இல், கரீபியத் தீவுகளிலிருந்து வந்த சர்க்கரையைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. சர்க்கரைக்குப் பின்னால் இருந்த அடிமை வணிகத்தை ஒரு தனிக் கூடம் மறைக்காமல் சொல்கிறது. உலகத்தின் பல மூலைகளில் யாரோ வெட்டியதும் பறித்ததும் வடித்ததும் இந்த நதிக்கரையில் வந்து இறங்கித்தான் விலையானது என்பது அங்கே நடக்கும்போது புரிகிறது. சுற்றுலாக் கூட்டம் குறைவு. அம்மாவுக்கு உட்கார இடமும் நிறைய இருந்தது.

அதே ரயிலில் தொடர்ந்து போனால் கிரீனிச். 1869-இல் கட்டிய தேயிலைக் கப்பல் கட்டி சார்க், குன்றின்மேல் அரச வானாய்வகம், பூச்சிய டிகிரித் தீர்க்கரேகை. ஒரு கால் கிழக்கிலும் ஒரு கால் மேற்கிலும் வைத்துப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. வானாய்வகத்துக்குக் கட்டணம் உண்டு. கிரீனிச் பூங்காவுக்கு இல்லை. அந்தப் பூங்காவிலும் ஓர் அழகான செர்ரி மரவரிசை இருக்கிறது.

வசந்தத்தின் விழாக்கள்

பூவும் அருங்காட்சியகமும் போக, இந்த மூன்று மாதத்தில் நகரமே தெருவுக்கு வந்துவிடுகிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகுப் போட்டி 1829-இல் தொடங்கியது. ஆண்டுதோறும் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பட்னி முதல் மோர்ட்லேக் வரை நடக்கும். கரையில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். ஏப்ரலில் லண்டன் மாரத்தான். அன்று பல சாலைகள் மூடியிருக்கும். வெளியூர்ப் பயணமோ விமானமோ இருந்தால் முன்னதாகவே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதே மாதம் டிரஃபல்கர் சதுக்கத்தில் சீக்கியர்களின் வைசாகி விழா. பாட்டும் சாப்பாடும் எல்லோருக்கும் பொது.

மே மாதத்தில் செல்சி மலர்க் கண்காட்சி. 1913 முதல் நடப்பது. தோட்டக்கலைப் பிரியர்களுக்கு அது திருவிழாதான். ஆனால் டிக்கெட்டைப் பல மாதம் முன்பே வாங்க வேண்டும். அந்தச் செலவு வேண்டாம் என்பவர்கள் ரிச்மண்ட் பூங்காவில் இசபெல்லா பிளான்டேஷன் என்ற பகுதிக்குப் போகலாம். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஓடைக்கரை முழுக்க அசேலியா சிவப்பும் ஊதாவுமாகப் பூத்திருக்கும். காசு வேண்டாம். வழியில் மான் கூட்டத்தையும் பார்க்கலாம்; கிட்டே மட்டும் போகக் கூடாது.

சாப்பாடும் சாமியும்

ஐந்தாம் நாள் பிள்ளைகளே சோறு கேட்டார்கள். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி மூன்றிலும் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் ஈழத்துத் தமிழர்கள் நடத்துபவை. இடியாப்பம், பிட்டு, கொத்து ரொட்டி, தோசை எல்லாம் கிடைக்கும். நகர மையத்தில் ஒருவர் சாப்பிடும் பணத்தில் இங்கே இரண்டு பேர் வயிறாறச் சாப்பிடலாம். ஹைகேட் முருகன் கோயிலும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலும் ரயிலிலும் பேருந்திலும் எளிதில் போகக்கூடிய இடங்களில் உள்ளன. ஹைகேட் கோயிலில், மாலை போட்ட சாமியைப் பார்த்தபோது அம்மாவின் முகம் தெளிந்ததை நான் கவனித்தேன்.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு

மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் புறப்படும்முன் இடிஏ எனப்படும் மின்னியல் பயண அனுமதியை இணையத்தில் எடுக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் இது கட்டாயம். குழந்தைகளுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

ரயிலுக்கும் பேருந்துக்கும் தனி டிக்கெட் தேவையில்லை. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை போதும். ஒரு நாளில் ஓர் உச்சவரம்புக்குமேல் கழிக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பதினொரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரியவரோடு சுரங்க ரயிலில் இலவசமாகப் போகலாம்.

பழைய சுரங்க ரயில் நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பேருந்துதான் நல்லது. படியில்லாமல் ஏறலாம், ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். பெரிய அருங்காட்சியகங்களில் கேட்டால் சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள். அம்மா முதலில் மறுத்தார், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒருமுறை உட்கார்ந்த பின் மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஓர் அருங்காட்சியகம், ஒரு பூங்கா. அதற்குமேல் வேண்டாம்.

இன்னொன்று. பெரியவர்களை அழைத்துப் போனால் அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாம் மட்டும் சுற்றிவரக் கூடாது. இந்த நகரத்து அருங்காட்சியகங்களில் நம் வீட்டுக் கதையின் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருளைப் பற்றி அங்கே எழுதிவைத்திருப்பதைப் படிக்க நமக்குத் தெரியும். எழுதாமல் விட்டதைச் சொல்ல அவர்களால்தான் முடியும்.

லண்டனுக்கு இப்போதைக்குப் போக முடியாது என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்துக்கு அருகே, வேலி போட்டுப் பாதுகாக்கப்படும் ஒரு முதிய ரப்பர் மரம் இன்றும் நிற்கிறது. நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ரிட்லி வேலை செய்த தாவரவியல் தோட்டம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, அனுமதியும் இலவசம். தோட்டத்தில் வளர்ந்த தாத்தாவோ பாட்டியோ இன்னும் வீட்டில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குமுன் அங்கே அழைத்துக்கொண்டு போங்கள். மரத்தைக் காட்டிவிட்டுச் சும்மா நில்லுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.